அறியாத அரசனுக்குப் பழி உண்டா?

பல ஆண்டுகளுக்கு முன், உயர்நிலைப் பள்ளி வகுப்பு ஒன்றில் ஐரோப்பிய வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் ஆட்சி அன்றைய பாடம். சமயச் சிறுபான்மையினர் இல்லங்களில் போர்வீரர்கள் புகுந்து இழைத்த கொடுமைகளை விவரித்து, "இவை யாவும் மன்னரின் செவிக்கு முழுமையாக எட்டவில்லை என்று கூறுவாரும் உளர்" என்று முடித்தேன். பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, ராஜாவுக்குத் தெரியாமல் நடந்ததென்றால் அந்தப் பாவம் அவரைச் சேருமா, சேராதா?" என்று வினவினான். மணி அடிக்கும் நேரம். "தெரியாமல் நேர்ந்ததற்கு ஒருவரைக் குற்றவாளி ஆக்கலாகாது, உட்கார்" என்றேன். அவனும் உட்கார்ந்துவிட்டான்.

அந்த விடை சரிதானா என்னும் ஐயம் அன்று மாலையே எழுந்தது. பணி ஓய்வு பெற்ற பின்னும் அது நீங்கவில்லை. நூல்களை மீண்டும் புரட்டிப் பார்த்தபோது, அவசரத்தில் நான் அளித்த விடை பிழையானது என்றே தெளிந்தேன். அதனைத் திருத்திக்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை. முடியரசுகள் பெரும்பாலும் மறைந்துவிட்ட காலத்தில் இவ்வாராய்ச்சி எதற்கு என்று அன்பர்கள் எண்ண வேண்டா. அரியணை போயிற்றேயன்றி, அதில் அமர்ந்திருந்த மனநிலை போகவில்லை.

அச்சத்தில் பிறந்த ஆட்சி

தனியொருவர் கையில் எல்லா அதிகாரத்தையும் ஒப்படைக்க மக்கள் ஏன் இசைந்தனர்? இதனை முதற்கண் நடுவுநிலையோடு காண வேண்டும். பிரான்சு நாட்டில் 1562 முதல் 1598 வரை, கத்தோலிக்கருக்கும் கால்வின் நெறியைத் தழுவிய ஹியூகனாட்டுகளுக்கும் இடையே உள்நாட்டுப் போர்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. 1572-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், புனித பர்த்தலோமியு திருநாளன்று பாரிஸ் நகரில் தொடங்கிய படுகொலை பிற நகரங்களுக்கும் பரவி, ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. ஹியூகனாட்டாக இருந்து 1593-இல் கத்தோலிக்கராக மாறிய மன்னர் நான்காம் ஹென்றி, 1598-இல் நான்ட் நகரில் பிறப்பித்த சாசனத்தின் வாயிலாக இருசாராரும் ஒரே நாட்டில் வாழ வழிவகுத்தார். அவரும் 1610-இல் கத்திக்குத்துக்கு இரையானார்.

அவருடைய பெயரரே பதினான்காம் லூயி. 1643-இல் பட்டத்திற்கு வந்தபோது அவருக்கு ஐந்து வயது நிறையவில்லை. 1648-இல் நீதிமன்றத்தாரும் பிரபுக்களும் கிளர்ந்தெழுந்த 'ஃபிராண்ட்' கலகம் ஐந்தாண்டுகள் நீடித்தது. 1651 பிப்ரவரியில் ஓர் இரவு, மன்னரை இரகசியமாக நகரை விட்டுக் கொண்டுசெல்லப் போகின்றனர் என்ற வதந்தி பரவவே, பாரிஸ் மக்கள் அரண்மனைக்குள்ளேயே புகுந்து, பன்னிரண்டு வயதுச் சிறுவன் படுக்கையில் கிடப்பதைக் கண்ணால் கண்ட பின்னரே கலைந்தனர். உறங்குவதுபோல் கிடந்த அச்சிறுவன் அவ்விரவை வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை என்பர்.

அக்காலத்தில் முடிமன்னரின் முழு அதிகாரத்தை ஆதரித்து எழுதிய அறிஞர்களும் இத்தகைய அச்சத்தில் வாழ்ந்தவர்களே. சமயப் போர்களின் நடுவில், 1576-இல், ழான் போதேன் இறைமையைப் பற்றித் தம் நூலை வெளியிட்டார். ஆங்கிலேய உள்நாட்டுப் போருக்கு அஞ்சிப் பாரிஸில் தங்கியிருந்த தாமஸ் ஹாப்ஸ் தம்முடைய 'லெவியதான்' நூலை 1651-இல் வெளியிட்டார். ஒருவன் கையில் வாள் இருந்தால் ஓராயிரம் பேர் கையில் வாள் இராது என்பது அவர்கள் காலத்துக் கணக்கு. அண்டை வீட்டாரின் குருதியைத் தெருவில் கண்ட தலைமுறைக்கு அக்கணக்கு மூடத்தனமாகத் தோன்றியிராது.

கடவுளுக்கு மட்டுமே கணக்கு

1661 மார்ச்சில் தலைமை அமைச்சர் மசரேன் மறைந்தார். இனித் தமக்குத் தாமே தலைமை அமைச்சர் என அறிவித்த லூயிக்கு அப்போது வயது 22. 'நானே அரசு' என்று அவர் கூறியதாக வழங்கும் வாசகத்திற்குத் தக்க சான்று இல்லை. அவர் சோம்பேறியும் அல்லர். கொடுங்கோலராகவே பிறந்தவரும் அல்லர். நாள் தவறாது அமைச்சர்களோடு அமர்ந்து பல மணி நேரம் அலுவல் பார்த்தார். அரச பதவியை ஒரு தொழிலாகவே மதித்து உழைத்தார். 1666-இல் அறிவியல் கழகம் நிறுவப்பட்டது. முடமுற்ற போர்வீரர்களுக்குப் பாரிஸில் பெரும் இல்லம் ஒன்று 1670-இல் தோற்றுவிக்கப்பட்டது. தென் பிரான்சில் சுமார் 240 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் 1681-இல் திறக்கப்பட்டது. நம்மவர் நன்கறிந்த புதுச்சேரியில் 1674-இல் காலூன்றிய பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியும் அவராட்சியில், 1664-இல், அமைக்கப்பட்டதே.

இத்தகையவருக்கு அரசியல் தத்துவம் வகுத்துத் தந்தவருள் தலையாயவர் பொசுவே என்னும் கத்தோலிக்க ஆயர். பட்டத்து இளவரசரின் ஆசானாகவும் இருந்தவர். அரச அதிகாரம் புனிதமானது, தந்தையின் அதிகாரம் போன்றது, முழுமையானது, அறிவுக்குக் கட்டுப்பட்டது என நான்கு இலக்கணங்கள் வகுத்தார். மன்னர் கடவுளுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர், ஆதலால் நடுங்கியே ஆள வேண்டும் என்பது அவர் போதனை. கேட்பதற்கு இது பெருஞ்சுமையாகத்தான் தோன்றுகிறது. ஆயினும் கடவுள் கணக்குக் கேட்பது மறுமையில். இம்மையில் கேட்பார் யார்?

அவ்வினாவை எழுப்பக்கூடிய வாயில்கள் ஒவ்வொன்றாக அடைபட்டுவந்தன. நாட்டின் மூவகைப் பிரதிநிதிகளும் கூடும் பேரவை 1614-இல் தொடங்கிய கூட்டத்திற்குப் பின் 1789 வரை, அதாவது 175 ஆண்டுகள், கூட்டப்படவே இல்லை. அரசாணைகளைப் பதிவு செய்யுமுன் மறுப்புரை எழுதி அனுப்பும் பழைய உரிமை உயர்நீதி மன்றங்களுக்கு இருந்தது. 1673-இல் அது மாற்றப்பட்டது: முதலில் ஆணையைப் பதிவு செய்க, மறுப்பு இருப்பின் பின்னர்ச் சொல்லுக! நஞ்சு உட்கொண்ட பின் மருத்துவரைக் கேட்பது போன்ற ஏற்பாடு இது. 1682-இல் அரசவை வெர்சேல்ஸ் மாளிகைக்கு நிலையாக இடம்பெயர்ந்தது. ஒருகாலத்தில் மன்னரோடு வாதிட்ட பிரபுக்கள், அங்கே மன்னர் எழும்போது அவருக்குச் சட்டையை எடுத்துக் கொடுக்கும் பேற்றுக்குப் போட்டியிட்டனர்.

இக்கொள்கையை ஒளிவு மறைவின்றிச் சட்டமாகவே எழுதி வைத்த நாடு டென்மார்க்கு. நம் கடற்கரையில் தரங்கம்பாடியை 1620 முதல் 1845 வரை வைத்திருந்த நாடு அதுவே. 1665-இல் இயற்றப்பட்ட அந்நாட்டு அரச சட்டம், மன்னரை மனிதச் சட்டங்கள் அனைத்திற்கும் மேலானவராக வைத்தது; அவர் கட்டுப்பட வேண்டியவை மிகச் சிலவே. குறிப்பிட்ட கிறித்தவ நெறியை விடலாகாது; நாட்டைப் பிரிக்கலாகாது; இச்சட்டத்தில் கூறிய தம் அதிகாரத்தைக் குறைத்துக்கொள்ளலாகாது. எதையும் செய்யவல்ல மன்னர் செய்ய இயலாத செயல், தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்வது! தன்னடக்கத்தையே தடைசெய்த இச்சட்டத்தை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பும் அச்சமும் ஒருங்கே தோன்றுகின்றன.

சாசனம் நீக்கப்பட்ட கதை

இனி அம்மாணவன் கேட்ட வினாவுக்குரிய நிகழ்ச்சிக்கு வருவோம். லூயியின் காலத்தில் பிரான்சு நாட்டின் சுமார் 2 கோடி மக்களுள் ஹியூகனாட்டுகள் 8 இலட்சம் பேர் அளவில் இருந்தனர். வணிகர், நெசவாளர், கடிகாரம் செய்வோர், மாலுமிகள், படைத்தலைவர்கள் எனப் பல துறைகளிலும் விளங்கினர். ஃபிராண்ட் கலகத்தின்போது மன்னருக்கு விசுவாசமாகவே நடந்துகொண்டவர்கள். ஆயினும், ஒரு நாட்டில் ஒரு மன்னர், ஒரு சட்டம், ஒரு சமயம் என்பதே ஒழுங்கு என்று அரசவையில் கருதப்பட்டது.

முதலில் பணம் வந்தது. 1676 முதல், சமயம் மாறுவோர்க்குச் சிறுதொகை வழங்க ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டது. பின்னர்ச் சட்டம் வந்தது. 1681-இல் பிறந்த ஆணை ஒன்று, ஏழு வயது நிரம்பிய குழந்தை பெற்றோரின் விருப்பத்திற்கு மாறாகவே கத்தோலிக்க சமயத்தைத் தழுவலாம் என்றது. ஏழு வயதுக் குழந்தை! பெற்றோராக இருக்கும் அன்பர்கள் இவ்வோர் ஆணையின் கொடுமையை உணர வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அதே 1681-இல் படை வந்தது. புவாத்து மாகாணத்தில் மன்னரின் நிருவாகியாக இருந்த மரியாக் என்பவர், குதிரைப்படை வீரர்களை ஹியூகனாட்டு இல்லங்களில் தங்கவைத்தார். வீட்டுக்காரர் அவர்களுக்கு உணவும் படுக்கையும் பணமும் தர வேண்டும். சமயம் மாறினால் வீரர்கள் அடுத்த வீட்டிற்குப் போய்விடுவர். மாறாதவரின் தட்டுமுட்டுப் பொருள்கள் விற்கப்பட்டன. உறங்கவொட்டாமல் இரவெல்லாம் முரசு கொட்டப்பட்டது. அடியும் இழிவும் நேர்ந்தன. முப்பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் சமயம் மாறினர் என்று தலைநகருக்குப் பட்டியல் சென்றது.

இங்கே ஒரு செய்தியை அன்பர்கள் ஊன்றி நோக்க வேண்டும். இக்கொடுமைகளின் செய்தி அயல்நாடுகளில் பரவியது. இங்கிலாந்து மன்னர் அகதிகளுக்கு இடமளிப்பதாக அறிவித்தார். வெட்கமுற்ற பிரெஞ்சு அரசு 1682-இல் மரியாக்கைப் பதவியினின்றும் அகற்றியது. ஆகவே, வீட்டில் வீரர்களைத் தங்கவைத்தால் என்ன நிகழும் என்பது 1682-லேயே மன்னருக்குத் தெரியும். அவ்வாறிருந்தும் 1685-இல் அதே முறை பேயார்ன் மாகாணத்தில் தொடங்கித் தெற்கெங்கும் மீண்டும் கையாளப்பட்டது. இம்முறை மன்னரின் முன் வந்தவை பட்டியல்கள் மட்டுமே. இந்த நகரில் இத்தனை ஆயிரம், அந்த நகரில் இத்தனை ஆயிரம் என எண்கள் வந்தன. அவ்வெண்களின் பின்னாலிருந்த அழுகுரல் வரவில்லை. சில நாள்களில் ஒரு நகரம் முழுதும் சமயம் மாறியது எவ்வாறு என்று மன்னர் கேட்டிருக்கலாம். அவர் மகிழ்ந்தார், கேட்கவில்லை.

1685 அக்டோபரில் ஃபான்டென்புளோ மாளிகையில் புதிய ஆணையில் ஒப்பமிட்டார். ஹியூகனாட்டுகளுள் பெரும்பகுதியினர் கத்தோலிக்கராகிவிட்டனர், ஆதலால் பாட்டனாரின் சாசனம் இனித் தேவையில்லை என்று அவ்வாணையின் முன்னுரை கூறுகிறது. பட்டியல்களில் இருந்த பொய்யே சட்டத்தின் அடிப்படையாயிற்று. வழிபாட்டு இல்லங்கள் இடிக்கப்பட வேண்டும், போதகர்கள் 15 நாள்களில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும், ஏனையோர் வெளியேறலாகாது. மீறி வெளியேற முயலும் ஆண்களுக்குப் போர்க்கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை. பெண்களுக்குச் சிறையும் சொத்துப் பறிமுதலும். தேவையற்றுப்போன சாசனம் என்றால் இத்தனை தண்டனைகள் யாருக்காக?

தடையை மீறி ஏறத்தாழ 2 இலட்சம் பேர் வெளியேறினர் என்பர். மலைவழியாகவும், பீப்பாய்களில் ஒளிந்தும், மீன்பிடி படகுகளிலும் சென்றனர். பிராண்டன்பர்க் மன்னர் அதே ஆண்டிலேயே போட்ஸ்டாம் நகரில் அழைப்பாணை பிறப்பித்து, ஏறத்தாழ 20,000 பேருக்கு இடமளித்தார். இலண்டனில் பட்டு நெசவு தழைத்தது. ஆங்கிலத்தில் அகதியைக் குறிக்கும் சொல்லே இம்மக்களால்தான் அம்மொழியில் வழக்கிற்கு வந்தது. பிரான்சின் படைத்தளபதியாக இருந்த ஷோம்பர்க், சமயத்தை விட மனமின்றி நாட்டை விட்டார். 1690-இல் அயர்லாந்தில் பாயின் ஆற்றங்கரையில், தம் பழைய மன்னர் ஆதரித்த படைக்கு எதிரணியில் நின்று போரிட்டு மடிந்தார்.

சொல்லத் துணிந்தோர்

தமிழில் 'இடித்துரைத்தல்' என்று ஓர் அரிய சொல் உண்டு. அன்புடையவர், பிழை கண்டவிடத்து அஞ்சாது கடிந்து கூறுவதைக் குறிப்பது அது. லூயிக்கு அத்தகையோர் முற்றிலும் இல்லாமற்போகவில்லை.

கோட்டைகள் அமைப்பதில் ஐரோப்பாவிலேயே இணையற்றவராகத் திகழ்ந்த வோபான் ஒரு கத்தோலிக்கர். மன்னரிடம் மாறாப் பற்றுடையவர். 1689-இல் அவர் போர் அமைச்சர் லூவுவாவிடம் ஒரு விண்ணப்பம் அளித்தார். 80,000 முதல் 1,00,000 பேர் வரை நாட்டை விட்டு நீங்கினர், மாலுமிகளில் 9,000 பேரும் தேர்ந்த வீரர்களில் 12,000 பேரும் பகைவர் பக்கம் சேர்ந்தனர், பெருஞ்செல்வம் வெளியேறியது என்று கணக்கிட்டுக் காட்டி, சாசனத்தை மீண்டும் நிலைநாட்டுமாறு வேண்டினார். மன்னர்கள் குடிகளின் உயிருக்கும் உடைமைக்கும் தலைவராகலாம், அவர்தம் கருத்துகளுக்குத் தலைவராதல் இயலாது என்பது அவர் உரையின் சாரம். விண்ணப்பம் பயனின்றிப் போயிற்று.

நாடு முழுதும் பயணம் செய்து ஏழைகளின் நிலையை நேரில் கண்ட வோபான், முதுமையில் வரிச்சீர்திருத்தம் பற்றி ஒரு நூல் எழுதினார். மக்களைப் பத்துப் பங்காக்கினால் ஒரு பங்கினர் பிச்சையெடுக்கின்றனர், ஐந்து பங்கினர் அவர்களுக்குப் பிச்சையிடவும் வகையற்றவர் என்று அதில் எழுதினார். 1707-இல் அனுமதியின்றி அச்சான அந்நூல் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் வோபான் காலமானார்.

மன்னரின் பெயரனுக்கு ஆசானாக இருந்த ஃபெனலோன் என்னும் துறவியோ, 1693-ஐ ஒட்டிய பஞ்சக் காலத்தில் பெயரிடாத ஒரு கடிதம் வரைந்தார். அப்பஞ்சத்தில் இறந்தோர் தொகை 10 இலட்சத்தைக் கடந்தது. நாடே உணவற்ற பெரியதொரு மருத்துவமனையாகிவிட்டது என்றும், சுற்றிலும் உள்ளோர் மன்னரைப் புகழ்ந்தே கெடுத்துவிட்டனர் என்றும் அதில் எழுதியிருந்தார். மன்னர் அதனைப் படித்ததாகத் தெரியவில்லை. நாட்டின் மிகக் கூரிய அறிவாளருள் ஒருவர், தாம் நேரில் காணும் மன்னருக்கு உண்மையைச் சொல்ல, பெயர் மறைத்த கடிதத்தை நாட வேண்டியிருந்தது. அவ்வாட்சியின் இயல்பை அறிய இஃதொன்றே போதும்.

பழியைக் கைமாற்றுதல்

இனி வினாவுக்கு வருவோம். அறியாமை மூவகைப்படும் என எனக்குத் தோன்றுகிறது. அறிவதற்கு வழியே இல்லாதவனின் அறியாமை ஒன்று. அதற்குப் பழி இல்லை. கேட்டால் தெரிந்திருக்கும், ஆனால் கேட்க மறந்தான் என்பது இரண்டாவது. அதற்குப் பாதிப் பழி உண்டு. சொல்ல வருபவனை அஞ்சச் செய்து, இனியவை மட்டுமே செவிக்கு வருமாறு அமைத்துக்கொண்டவனின் அறியாமை மூன்றாவது. இவ்வறியாமை அவனுக்கு நேர்ந்த விபத்தன்று. அவன் தானே கட்டிக்கொண்ட மாளிகை. அதனுள் நிகழ்வனவற்றுக்கும் அதனால் நிகழ்வனவற்றுக்கும் அவன் பொறுப்பாளியே. லூயியின் அறியாமை இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தது.

ஒருவர் மேல் மட்டும் பழியைச் சுமத்தி அமைவதும் நேர்மையன்று. வீட்டில் முரசு கொட்டிய வீரன், மேலதிகாரியின் ஆணை என்றான். மேலதிகாரி லூவுவாவின் ஆணை என்றார். லூவுவா மன்னரின் விருப்பம் என்றார். சாசனத்தை நீக்குமாறு வேண்டிவந்த குருமார், இறைவனின் விருப்பம் என்றனர். புதிய ஆணையைப் பொசுவே மேடையில் போற்றினார். இனிய கடிதங்களால் புகழ்பெற்ற செவிஞே சீமாட்டியும் அதனைப் பாராட்டியே எழுதினார். ஆணை வெளியானபோது நாட்டில் பெரும்பாலோர் மகிழ்ந்தனர் என்பதும் மறுக்கவொண்ணாத உண்மை.

மன்னரோ யாரைச் சுட்டினார்? 1715 ஆகஸ்டில் மரணப்படுக்கையில் இருந்தபோது, அருகிருந்த கர்தினால்களை நோக்கி, திருச்சபைக் காரியங்களில் நீங்கள் சொன்னபடியே செய்தேன், தவறு இருப்பின் கடவுள் முன் நீங்களே பொறுப்பு என்று அவர் கூறியதாகச் சேன்-சிமோன் பிரபுவின் நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. கடவுளுக்கு மட்டுமே கணக்குக் கொடுக்க வேண்டியவர் என்று எழுபத்திரண்டு ஆண்டுகள் போற்றப்பட்டவர், கணக்குக் கொடுக்கும் வேளை வந்ததும் ஏட்டை அடுத்தவர் கையில் தந்துவிட்டார்! கீழிருப்பவன் மேலே கைகாட்ட, மேலிருப்பவர் பக்கத்தில் கைகாட்ட, பழி சுமப்பார் ஒருவருமின்றிப் பாவம் மட்டும் நிகழ்ந்துவிடுகிறது. தனியாட்சியின் பெருந்தீமை இதுவே எனலாம்.

ஆயினும் அதே படுக்கையில் அவர் வேறொன்றும் சொன்னார். ஐந்து வயதுக் கொள்ளுப்பேரனை அருகழைத்து, போரிலும் கட்டடங்களிலும் தமக்கிருந்த மோகத்தைப் பின்பற்ற வேண்டா, குடிகளின் துயரைக் குறைக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். தம் பிழையைத் தாமே உணர்ந்த அந்த ஒரு கணத்தை நாம் மதிக்க வேண்டும். ஆனால் பிழையென்று சொல்லப் பிறரை விடாதவருக்கு, அதனைச் சொல்ல மரணமே வர வேண்டியதாயிற்று.

எஞ்சி நின்றவை

1715 மார்ச்சில், நாட்டில் ஹியூகனாட்டுகளே இல்லை, வாழ்வோர் அனைவரும் கத்தோலிக்கரே எனக் கருதப்படுவர் என்னும் பொருள்பட அரசு அறிவித்தது. ஆகஸ்டு 21-ஆம் நாள், தெற்கே செவென் மலைப்பகுதியில், ஆந்துவான் கூர் என்னும் இளைஞரும் சிலரும் மறைவாகக் கூடி, அழிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட திருச்சபையை மீண்டும் ஒழுங்குபடுத்தினர். பதினொரு நாள் கழித்து, செப்டம்பர் 1 அன்று, மன்னர் மறைந்தார். ஆணையால் இல்லையென்று ஆக்கப்பட்டவர்கள் அவருக்குப் பின்னும் இருந்தனர்.

அவர்தம் துன்பமும் இருந்தது. மரி துரான் என்னும் பெண், 1730-இல் தம் இளமையிலேயே எக்மோர்த் நகரின் கான்ஸ்டன்ஸ் கோபுரத்தில் அடைக்கப்பட்டார். சமயத்தைக் கைவிடுவதாக ஒரு சொல் சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்கும். அவர் சொல்லவில்லை. 38 ஆண்டுகள் கழித்து, 1768-இல் வெளியே வந்தார். 1762-இல் துலூஸ் நகரில் ழான் காலாஸ் என்னும் ஹியூகனாட்டு வணிகர், சமயம் மாற விரும்பிய தம் மகனைக் கொன்றதாகப் பொய்க்குற்றம் சாட்டப்பட்டுச் சக்கரத்தில் கட்டிச் சிதைக்கப்பட்டார். வால்டேர் எழுப்பிய குரலால், அவர் குற்றமற்றவர் என 1765-இல் தீர்ப்பாயிற்று. ஆணை பிறப்பித்தவர் மறைந்து அரை நூற்றாண்டு ஆன பின்னும் அவர் விதைத்த வெறுப்பு உயிர்ப்பலி கொண்டது.

லூயி விட்டுச்சென்ற கடன் 200 கோடி லிவருக்கும் மேல். பின்வந்தோரும் போர்களில் கடனைப் பெருக்கினர். 1788-இல் அரசின் செலவில் ஏறத்தாழப் பாதி கடனுக்கே போயிற்று. வேறு வழியின்றி 1789-இல் பேரவை கூட்டப்பட்டது. 175 ஆண்டுகள் பேசவிடப்படாதவர்கள் ஒரே வேளையில் பேசத் தொடங்கினர். விளைவை உலகம் அறியும்.

ஆயினும் முடியைத் தகர்த்தவர்களும் அதன் மனநிலையைத் தகர்க்கவில்லை. மக்களின் பெயரால் ஆண்ட புரட்சிக் குழுவினர் 1793-94-இல் மறுத்துப் பேசியோரைக் கொலைக்கருவிக்கு அனுப்பினர். அதிகாரமெல்லாம் தலைநகரில் குவிந்திருக்கும் முறை புரட்சி படைத்ததன்று, பழைய மன்னராட்சி விட்டுச்சென்றதே என்று தொக்வீல் 1856-இல் எழுதிய நூலில் நிறுவினார். ஹியூகனாட்டுகளுக்குத் திருமணத்தையும் பிறப்பையும் சட்டப்படி பதிவு செய்யும் உரிமை கிடைக்க 1787-இல் பாடுபட்டவர் மால்செர்ப் என்னும் முதியவர். அவரே 1792-இல், அனைவராலும் கைவிடப்பட்ட பதினாறாம் லூயிக்காக வழக்காட முன்வந்தார். 1794-இல் அதற்கு விலையாகத் தம் தலையைத் தந்தார். மன்னர் வலிமையோடிருந்தபோது அவருக்கு மறுப்புரை எழுதியவர், மன்னர் வலிமையிழந்தபோது அவருக்குத் துணை நின்றார். இடித்துரைப்பவனே உண்மையான அன்பன் என்பதற்கு இவரினும் சிறந்த சான்று அரிது.

1790-இல் புதிய பேரவை, வெளியேறியோரின் வழித்தோன்றல்கள் திரும்பிவந்தால் குடியுரிமை உண்டு என்று சட்டமியற்றியது. அச்சட்டம் 1945 வரை நீடித்தது. ஓர் ஒப்பம் இழைத்த தீங்கைத் திருத்தத் தலைமுறைகள் தேவைப்பட்டன. முரசொலியில் உறக்கமிழந்த அவ்வீட்டாருக்கோ எந்தத் திருத்தமும் போய்ச் சேரவில்லை.

நம் இல்லத்து அரியணை

நாம் மன்னர்கள் அல்லோம். ஆயினும் ஒவ்வொருவர்க்கும் ஒரு சிற்றரசு உண்டு. குடும்பத் தலைவருக்கு இல்லம், முதலாளிக்குக் கடை, ஆசிரியருக்கு வகுப்பறை. "அப்பாவிடம் சொல்லாதே, கோபித்துக்கொள்வார்" என்னும் பேச்சு நடக்கும் இல்லத்தில், அப்பாவுக்குத் தெரியாதவை நாளுக்கு நாள் பெருகுகின்றன. மகன் பட்ட கடனும் மகளின் மனத்துயரும் கடைசியில் அவர் முன் வெடிக்கும்போது, "எனக்கு ஒன்றும் தெரியாதே" என்று அவர் கதறுகிறார். அக்கதறல் உண்மையானது. தெரியாமற்போனதற்குத் தாமே காரணர் என்பதும் உண்மையானது. கெட்ட செய்தியைக் கொண்டுவந்த குழந்தையைக் கடிந்துகொள்ளாமல், "சொன்னாயே, நல்லது" என்று ஒருமுறை கூறினால் அவ்வில்லத்தில் ஒரு வாயில் திறக்கிறது. பெரிய தத்துவங்களைவிட அவ்வொரு சொல் பயனுடையது.

என் மாணவனின் வினாவுக்கு இப்போது விடை கூறுகிறேன். தம்பி, அந்தப் பாவம் மன்னரைச் சேரும். அவருக்குத் தெரியாதது எவ்வளவோ, அவ்வளவும் சேரும். ஏனெனில் அவருக்குச் சொல்ல எவரும் துணியாதபடி செய்தவர் அவரே. அன்று நீ கேட்டது நல்ல வினா. அதனைத் தொடர்ந்து இன்னொரு வினாவும் உன் உள்ளத்தில் இருந்திருக்கலாம். அதனைக் கேட்கவிடாமல் "உட்கார்" என்று சொன்னவன் நான். நீ உட்கார்ந்துவிட்டாய், வகுப்பு அமைதியாயிற்று, அவ்வமைதியை நான் மரியாதை என்று எண்ணிக்கொண்டேன். வெர்சேல்ஸ் மாளிகையிலும் அத்தகைய அமைதியே நிலவியது.